மூன்று வளர்ப்புப் பட்டம் போன பிறகு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா? ஓர் இறால் பண்ணையாளர் குடும்பத்துக்கு ஆலோசனை

மயிலாடுதுறை மாவட்டக் கடலோரத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தரக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவர் பெயரில் உள்ள மூன்று ஏக்கர் நிலத்தில் இரண்டு குளங்கள் வெட்டி, அவரும் கணவரும் பல ஆண்டுகளாக வனாமி இறால் வளர்த்து வருகிறார்கள். குளத்துப் பொறுப்பு கணவருடையது, கணக்கு நோட்டு இவருடையது. 2022 நவம்பர் பெருமழையில் எழுபது நாள் வளர்ந்த இறால் கரையைத் தாண்டிப் போய்விட்டது. 2024 கோடையில் குளத்தில் வெள்ளைக் கழிச்சல் நோய் கண்டது. நூறு நாள் கடந்தும் இறால் எடை கூடாமல், தீவனச் செலவுகூடத் தேறாத விலைக்கு விற்றார்கள். அதே ஆண்டு ஃபெஞ்சல் புயல் மழை ஓய்ந்த இரண்டாவது வாரத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து, அவசர அறுவடை செய்ய வேண்டியதாயிற்று. இப்போது தீவன டீலருக்கு ஒன்பது லட்சம் பாக்கி. நகைக்கடன் தனியாக இருக்கிறது.

கணவர் கரையை மூன்று அடி உயர்த்தி, பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி மீண்டும் தொடங்கலாம் என்கிறார். கோடையில் உப்பு ஏறுவதைத் தடுக்க ஆழ்துளைக் கிணறு போட்டு நல்ல தண்ணீர் கலந்தால் போதும் என்பது கொழுந்தனாரின் யோசனை. வாசகியின் கேள்விகள் நான்கு. “குஞ்சு கொடுத்தவர்கள் ஏமாற்றினார்களா, இல்லை பருவம்தான் கெட்டுப்போனதா? அரசு நிவாரணம் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? பத்திரத்தை வைக்கலாமா? எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் நல்லதா?” பண்ணைப் பதிவுச் சான்றிதழ் 2021-லேயே காலாவதியாகிவிட்டது என்பதைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த நோட்டுப் பக்கங்களைத்தான் முதலில் படித்தேன். காலை வெப்பம், மாலை வெப்பம், உப்பு, இறால் எவ்வளவு தின்றது என்று பார்க்கும் செக் ட்ரேயில் மிஞ்சிய தீவனம் என்று நாள் தவறாமல் எழுதி வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பவற்றிலேயே மதிப்பு மிக்கது அந்த நோட்டுதான். உங்கள் கேள்விகள் பலவற்றுக்கு விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. எனவே அதை வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் நிலையில் வீட்டுப் பத்திரத்தை இந்தக் குளத்துக்காக வைக்க வேண்டாம். கணவரின் உழைப்பிலோ தொழிலறிவிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் செலவழிக்க நினைக்கும் பணம் எந்த ஆபத்தைத் தடுக்க வேண்டுமோ அந்த ஆபத்தைத் தடுக்காது என்பதுதான் காரணம்.

மூன்று இழப்புகள், மூன்று வேறு காரணங்கள்

“புயல்கள் அதிகமாகிவிட்டன, இனி இந்தக் கரையில் தொழில் செய்ய முடியாது” என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறை அடிபட்டவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட காலநிலை மதிப்பீட்டு அறிக்கை சற்று வேறு விதமாகச் சொல்கிறது. வட இந்தியப் பெருங்கடலில் புயல்களின் மொத்த எண்ணிக்கை கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து குறைந்துதான் வந்திருக்கிறது. மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களில் உருவாகும் மிகத் தீவிரப் புயல்கள் மட்டும் 2000-க்குப் பிறகு கூடியிருக்கின்றன. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரப்பதம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பதால், பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது.

உங்கள் முதல் இழப்பையே பாருங்கள். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியைத் தாக்கியது எந்தப் புயலும் இல்லை. பெயர் வைக்கப்படாத வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியில்தான் ஒரே நாளில் ஏறத்தாழ 44 செ.மீ. மழை அங்கே பதிவானது. வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதற்கும் தமிழ்நாட்டின் சராசரியே ஏறத்தாழ அவ்வளவுதான். மூன்று மாத மழை ஒரு நாளில் இறங்கியது. புயல் எச்சரிக்கைக் கொடி ஏறினால் மட்டும் விழித்துக்கொள்ளும் பண்ணை, இப்படிப்பட்ட மழையில் அகப்பட்டுக்கொள்ளும்.

இரண்டாவது இழப்பு வெயிலால் வந்தது. 1901-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டாக 2024-ஐ இந்திய வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. அந்த ஆண்டு மே மாதப் பக்கத்தில் மாலை வெப்பம் 34 டிகிரி என்றும் உப்பு 39 (லிட்டருக்கு ஏறத்தாழ இத்தனை கிராம்) என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரியில் குஞ்சு விட்டபோது உப்பு 28. வனாமிக்கு 28 முதல் 32 டிகிரி வரைதான் சுகமான வெப்பம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். உங்கள் குளத்து உவர்நீர் 28 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்குமானால், 34 டிகிரியில் ஆறரையைக்கூடத் தாங்காது. இறாலின் மூச்சுத் தேவையோ அதே நேரத்தில் கூடுகிறது. அடித்தரையில் சேர்ந்த கழிவு வேகமாக அழுகி அம்மோனியாவின் நஞ்சு ஏறுகிறது, விப்ரியோ கிருமிகள் பெருகுகின்றன. வெள்ளைக் கழிச்சலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருக்கும் இ.எச்.பி. எனும் நுண்ணுயிரியின் வித்துகள் குளத்து மண்ணிலேயே அடுத்த பட்டம் வரை உயிரோடு கிடக்கும். அதை உருவாக்கியது வெயில் இல்லை. ஏற்கனவே குளத்தில் இருந்த நோயை இறால் தாங்க முடியாதபடி செய்தது வெயில்.

மூன்றாவது, வெள்ளைப்புள்ளி. இது 1990-களின் நடுவிலிருந்தே இந்தியக் கரையில் இருக்கும் வைரஸ். மழையில் தண்ணீரின் வெப்பமும் உப்பும் சட்டென்று இறங்கும்போது இறாலின் எதிர்ப்புச் சக்தி குலையும். வெள்ளத்தில் வயலையும் வாய்க்காலையும் விட்டு வெளியேறும் நண்டுகள் கரையேறிக் குளத்துக்குள் இறங்குவதும் அப்போதுதான், அவை இந்த வைரஸைச் சுமந்து வரக்கூடியவை. உங்கள் குளத்தைச் சுற்றி நண்டு வலை இல்லை என்பதைக் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். மற்ற எந்தக் கட்டுமானத்துக்கும் முன்னால் அதைப் போடுங்கள்.

எனவே “குஞ்சு மோசமா, பருவம் மோசமா” என்ற கேள்வியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2022 இழப்பில் குஞ்சுக்குப் பங்கே இல்லை. மற்ற இரண்டில் குஞ்சு வழியாக நோய் வந்திருக்கலாம். ஆனால் பி.சி.ஆர். பரிசோதனை முடிவும் இல்லை, விட்ட அன்றைய மாதிரியும் இல்லை என்ற நிலையில் பொரிப்பகத்தின் மீது குற்றம் சாட்ட உங்களிடம் ஆதாரம் இல்லை. இனிமேல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெற்ற பொரிப்பகத்திலிருந்து மட்டும் வாங்குங்கள். பில்லில் தொகுதி எண் எழுதி வாங்குங்கள். குஞ்சு விடும் அன்றே ஒரு கைப்பிடியை எத்தனாலில் போட்டுச் சிறு புட்டியில் மூடி, தேதி ஒட்டி வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்தப் புட்டியும் பில்லும்தான் பேசும். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவர்கள் நுகர்வோர் ஆணையத்தை அணுகச் சட்டத்தில் இடமுண்டு.

கரையை உயர்த்தினால்?

உங்கள் கணவரின் யோசனையை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு அடி, அதாவது 1.2 மீட்டர் தண்ணீர் நிற்கும் குளம், உப்பு 20. கரை எவ்வளவு உயரமாக இருந்தாலும் வானத்திலிருந்து நேராக விழும் மழையை அது தடுக்காது. 44 செ.மீ. மழை முழுவதும் குளத்திலேயே விழுந்து கலந்துவிட்டால் உப்பு 14 அல்லது 15-க்கு இறங்கும். மெல்ல இறங்கினால் வனாமி இதைத் தாங்கும், இதைவிடக் குறைந்த உப்பிலும் அது வாழ்கிறது. இறாலைக் கொல்வது அந்த இறக்கத்தின் வேகமும், மழைநீர் கலக்காமல் மேலே தனி அடுக்காக நிற்பதும்தான். நல்ல தண்ணீர் இலேசானது, மேலே மிதக்கும். கீழே உப்பு நீர், ஆக்சிஜன் போய்ச் சேராமல் அடைபட்டுக் கிடக்கும். மேகமூட்டத்தில் பாசி வேலை செய்யாது, பிறகு செத்து மடியும். மறுநாள் விடிவதற்கு முன் மூன்று, நான்கு மணிக்கு அடித்தரையில் ஆக்சிஜன் அற்றுப்போகும். கரையை உயர்த்தி மதகையும் அடைத்துவிட்டால் அந்த மேல் அடுக்கு வெளியேற வழியே இருக்காது.

ஆகவே கரையைவிட மதகுதான் முக்கியம். உங்கள் மதகுப் பலகைகளை அடியிலிருந்து திறக்காமல், மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும்படி மாற்றுங்கள். மழை தொடங்கியதும் மேல் பலகையை எடுத்தால் மழைநீர் மட்டும் வழிந்து போகும், உப்பு நீரும் இறாலும் உள்ளேயே இருக்கும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. வடிகால் வாய்க்கால் போய்ச் சேரும் உப்பனாற்றில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் எந்த மதகும் வடியாது. 2022-இல் உங்கள் பகுதி வயல்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதில் வடியாமைக்கும் பங்குண்டு. உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்தது. 2006-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மி.மீ. வேகத்தில் உயர்ந்து வந்ததாகக் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு கணக்கிட்டிருக்கிறது. சென்டிமீட்டர் கணக்கு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தட்டையான டெல்டாவில், ஒவ்வொரு சென்டிமீட்டரும் உங்கள் மதகு வடியும் நேரத்தைச் சுருக்குகிறது. இதைத் தனி ஒரு குடும்பம் கடன் வாங்கிச் சரிசெய்ய முடியாது. வாய்க்காலையும் முகத்துவாரத்தையும் தூர்வாரும்படி பண்ணையாளர்களும் பக்கத்து நெல் விவசாயிகளும் ஒன்றாகக் கேட்க வேண்டிய விஷயம் இது.

நெல் விவசாயிகளைப் பற்றி நீங்கள் சற்றுக் கசப்போடு எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய கோபத்துக்கும் காரணம் உண்டு. குளத்து நீர் மட்டம் உயர உயர, கரை வழியே பக்கத்து வயலுக்குள் கசியும் உப்பும் கூடும். மூன்று அடி உயர்த்தும் திட்டத்தில் இந்தக் கணக்கு விடுபட்டுப் போயிருக்கிறது. இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்து, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு, இன்றைய உங்கள் மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய நாகப்பட்டினம் மண்ணின் உப்பேறிய வயல்களையும் கிணறுகளையும் முன்வைத்தே நடந்தது. இன்று உங்கள் தொழிலை நெறிப்படுத்தும் சட்டமே அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக வந்ததுதான். கரையை எத்தனை அடி உயர்த்துவதானாலும், வயல் பக்கம் ஒரு கசிவு வாய்க்காலை வெட்டி அந்தத் தண்ணீரைத் தனியே பிரித்து விடாமல் உயர்த்த வேண்டாம்.

கணவர் சொல்வதில் ஒரு பாதி சரி. உங்கள் குளங்கள் வண்டல் படிந்து மேட்டுப்பட்டு, இப்போது மூன்று அடித் தண்ணீர்தான் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆழமில்லாத குளம் பகலில் சட்டென்று சூடாகி இரவில் சட்டென்று ஆறும். அடி வண்டலை அள்ளி நான்கரை அடித் தண்ணீர் நிற்கும்படி செய்வது வெயிலுக்கும் மழைக்கும் இரண்டுக்குமே உதவும். பிளாஸ்டிக் விரிப்பின் செலவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

ஆழ்துளைக் கிணறு

கொழுந்தனாரின் யோசனையை முழுமையாக மறுக்கிறேன். கடலோர மணலில் நல்ல தண்ணீர், கீழே உள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. நிலத்தடி நீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அதற்குக் கீழே உப்பு நீரின் எல்லை கோட்பாட்டளவில் நாற்பது அடி மேலே ஏறும். இறால் குளத்துக்கு ஊற்றும் அளவுக்கு இறைத்தால் சில கோடைகளிலேயே அந்தக் கிணறும், அக்கம்பக்கத்துக் குடிநீர்க் கிணறுகளும் உவர்த்துப் போகும். போன தண்ணீர் திரும்பி வராது. இதைச் செய்யும் உரிமை உங்களுக்கோ எனக்கோ இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

உப்பு ஏறுவதற்கு வேறு வழியில்தான் தீர்வு தேட வேண்டும். ஒரு நாளைக்கு 6 மி.மீ. ஆவியானால் அறுபது நாளில் 36 செ.மீ. போய்விடும். அதை ஈடுகட்டக் கோடை ஓடைநீரை விட்டால் அதன் உப்பே 35 இருக்கும். 28-இல் தொடங்கிய குளம் அப்படியும் 38-ஐத் தாண்டிவிடும். உங்கள் நோட்டில் உள்ள 39 இப்படித்தான் வந்தது. கத்திரி வெயிலுக்கு முன்பே இறால் குளத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான் சொல்லும் மாற்று: காலத்தையும் எண்ணிக்கையையும் குறைப்பது

நீங்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது குஞ்சு விட்டிருக்கிறீர்கள். விதிகள் வனாமிக்கு அறுபது வரை அனுமதிக்கின்றன, அதனால் ஐம்பது பாதுகாப்பானது என்று நினைத்திருக்கிறீர்கள். அறுபது என்பது சட்டத்தின் உச்சவரம்பு மட்டுமே. உங்கள் குளத்தின் தாங்குதிறனைத் தீர்மானிப்பது, தண்ணீரில் காற்றைக் கலக்க உங்களிடம் உள்ள ஏரேட்டர். அரை ஹெக்டேர் குளத்தில் ஐம்பது வீதம் இரண்டரை லட்சம் குஞ்சு; நூற்றுக்கு எண்பது பிழைத்து இருபது கிராம் வந்தால் நான்காயிரம் கிலோ. ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் நானூறு முதல் ஐந்நூறு கிலோ வரை இறாலைத் தாங்கும். உங்கள் குளத்துக்கு இருப்பது நான்கு குதிரைத்திறன். அது இரண்டாயிரம் கிலோவைத்தான் காப்பாற்றும். மற்ற இரண்டாயிரம் கிலோ ஒவ்வொரு இரவும் அதிர்ஷ்டத்தை நம்பி உயிர் வாழ்கிறது. சாதாரண ஆண்டில் தப்பும், 2024 போன்ற ஆண்டில் தப்பாது. எனவே இருபத்தைந்துக்கு மேல் விடாதீர்கள். விளைச்சல் குறையும். தீவனச் செலவும் குஞ்சுச் செலவும் கடனும் அதே அளவுக்குக் குறையும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து, காலம். காலைக் குளிர் விலகிய பிப்ரவரி நடுவில், தனித் தொட்டியில் மூன்று நான்கு வாரம் வளர்த்த பெரிய குஞ்சாக விட்டால், குளத்தில் இருக்க வேண்டிய நாட்கள் அந்த அளவுக்குக் குறையும். மே முதல் வாரத்துக்குள் அறுவடை முடியும். பிறகு கத்திரி வெயிலை உங்களுக்கு வேலை செய்ய விடுங்கள். குளத்தை வெடிக்கும் அளவுக்குக் காயவிட்டு உழுது, சுட்ட சுண்ணாம்பை ஹெக்டேருக்கு ஆறு டன் வீதம் கலந்து ஈரப்படுத்தினால் மண்ணின் கார நிலை 12-க்கு ஏறும். இ.எச்.பி. வித்துகளை அழிக்க நம்பகமான வழி அதுதான். இரண்டாவது பட்டத்தை ஜூன் கடைசியில் தொடங்கி, என்ன விலையாக இருந்தாலும் செப்டம்பர் முடிவதற்குள் வலையை இறக்கிவிடுங்கள். “இன்னும் பத்து நாள் விட்டால் எடை கூடும்” என்ற ஆசையில்தான் 2022-இல் நவம்பர் வரை இறால் குளத்தில் கிடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை குளத்தில் இறால் வேண்டாம். வெறுமனே விட மனமில்லை என்றால் பால் கெண்டையையும் மடவையையும் குறைந்த எண்ணிக்கையில் விடலாம். நல்ல தண்ணீரிலிருந்து கடல்நீர் வரை எந்த உப்பிலும் பால் கெண்டை வாழும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் அதன் குஞ்சுப் பொரிப்பில் வெற்றி கண்டிருக்கிறது. இறால் அளவுக்கு லாபம் வராது. ஒரு மழையில் குடும்பத்தையே கவிழ்க்கவும் செய்யாது. அதையும் கடன் தீவனம் போட்டு வளர்க்கக் கூடாது.

மழை இரவுக்கான ஒழுங்கையும் எழுதிவிடுகிறேன், சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். மழைக்கு முன் கரைச் சரிவில் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும், இல்லையென்றால் மண்ணின் புளிப்பு குளத்துக்குள் இறங்கும். தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, கனமழையில் முற்றிலும் நிறுத்த வேண்டும். ஏரேட்டரை மழையின் முதல் நிமிடத்திலிருந்தே ஓட்ட வேண்டும். அடுக்கு விழுந்து பல மணி நேரம் ஆனபின் திடீரென ஓட்டினால் அடியில் அடைபட்ட நச்சு வாயு கிளம்பி மேலே வரும். மின்சாரம் போகும் என்று வைத்துக்கொண்டே ஜெனரேட்டரில் டீசல் நிரப்பி வைக்க வேண்டும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் தெரியும் வரை மேல் பலகை திறந்தே இருக்கட்டும். மழை விட்ட பிறகு இறால் கூட்டமாகச் சட்டை உரிக்கும். அப்போது கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் சேர்ந்த தாதுக் கலவை தேவைப்படும்.

உரிமையும் நிவாரணமும்

“வரி கட்டும் குடிமக்கள், இழப்பீடு தருவது அரசின் கடமை” என்ற உங்கள் வரி எனக்குப் புரிகிறது. ஆனால் பேரிடர் நிவாரண நிதியின் நோக்கம் வேறு. குளத்தைத் தூர்வாரிச் சீர்செய்ய ஹெக்டேருக்கு ஒரு சிறு தொகை என்ற அளவில்தான் அதன் நெறிமுறைகள் இருக்கின்றன. அழிந்த இறாலின் விலையை அது தராது. அதற்கு இருக்கும் வழி காப்பீடு. 2024-இல் ஒப்புதல் பெற்ற பிரதமரின் மீன் வள விவசாயிகள் நலத் திட்டத்தின் கீழ், நான்கு ஹெக்டேருக்கு மிகாத பண்ணைகள் காப்பீட்டு பிரீமியத்தில் 40 சதவீதத்தை ஒருமுறை ஊக்கத்தொகையாகப் பெறலாம். ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் என்பது வரம்பு. பெண்களுக்கும் பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கும் அந்த ஊக்கத்தொகையில் 10 சதவீதம் கூடுதலாக உண்டு. நிலம் உங்கள் பெயரில் இருப்பதால் விண்ணப்பத்தையும் உங்கள் பெயரிலேயே போடுங்கள். தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் முதலில் பதிவு செய்திருக்க வேண்டும்.

பாலிசியைக் கையெழுத்திடுமுன் இரண்டு இடங்களைப் படியுங்கள். அடிப்படைக் காப்பீடு வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு மட்டும். நோய்க்கும் வேண்டுமென்றால் விரிவான காப்பீடு எடுக்க வேண்டும், பிரீமியம் கூடும். அத்துடன் பகுதி இழப்புக்குப் பணம் உண்டா, மொத்த இழப்புக்கு மட்டும்தானா என்று பாருங்கள். மொத்த இழப்புக்கு மட்டும்தான் என்றால் பாதி இறால் செத்த ஆண்டில் ஒன்றும் கிடைக்காது. இழப்பீடு கோரும்போது உங்கள் தினசரி நோட்டு வலுவான ஆவணமாகும்.

இவை எல்லாவற்றுக்கும் வாசல், காலாவதியான அந்தச் சான்றிதழ். 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி பதிவு கட்டாயம், அது ஐந்தாண்டுக்குச் செல்லும். “நாலு வருஷமாக யாரும் கேட்கவில்லை” என்பது உங்களுக்குச் சாதகமான வாதம் இல்லை. பதிவில்லாமல் நடத்துவது முன்பு சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை அபராதமாக மாற்றியிருக்கிறது. எனவே பயந்து ஒளிக்க வேண்டிய காரணமும் குறைந்துவிட்டது. இரண்டு ஹெக்டேருக்குள் உள்ள உங்கள் பண்ணையின் விண்ணப்பம் மாவட்ட அளவிலான குழுவின் பரிசீலனைக்குப் போகும். இடைவெளி விழுந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

கடன்

எனக்கு மிகுந்த கவலை தருவது தீவன டீலரின் ஒன்பது லட்சம்தான். பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதியில் வங்கிக் கடனைத் தவணை மாற்றி அமைக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடம் தருகின்றன. டீலர் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மேலும் அவருக்கே இறாலைக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு இருப்பதால், எப்போது குஞ்சு விடுவது, எத்தனை விடுவது, எப்போது அறுப்பது என்பதையெல்லாம் கடனே முடிவு செய்கிறது. 2024 கோடையில் நோய் கண்ட குளத்தைக் காயவிடாமலேயே அடுத்த பட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றியது டீலரின் நெருக்கடியால்தான் என்று கடிதத்தில் தெரிகிறது. வெயிலும் மழையும் கடுமையாகிவரும் காலத்தில், காத்திருக்க முடியாத பண்ணைதான் முதலில் விழும்.

டீலரிடம் நேரில் போய், பாக்கியை எழுத்தில் வாங்கி, வட்டி ஏறாமல் நான்கைந்து தவணையாகக் கேளுங்கள். அவருக்கும் முழுப் பணமும் முடங்குவதைவிட அது நல்லது. நடைமுறைச் செலவுக்கு மீன் வளர்ப்போருக்கான கிசான் கடன் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையான வேளாண், வேளாண் சார்ந்த கடனுக்கு வங்கிகள் அடமானம் கேட்கக் கூடாது. ஒரே குளத்தில் சதுர மீட்டருக்கு இருபத்தைந்து குஞ்சோடு தொடங்குவதற்கான செலவில் ஒரு பகுதி அதற்குள் வந்துவிடும். இரண்டாவது குளத்தைத் தண்ணீர் தேக்கித் தெளியவைக்கும் இருப்புக் குளமாக வைத்துக்கொள்ளுங்கள். நோய் பரவும் நாட்களில் வெளித் தண்ணீரை நேரே விட வேண்டிய அவசியம் இராது.

“விட்டுவிடலாமா” என்ற கடைசிக் கேள்விக்கு, இப்போதே விட வேண்டாம், ஆனால் இப்போதே எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பது என் பதில். மேலே சொன்னபடி ஒரே குளத்தில், வீட்டையும் மிஞ்சிய நகையையும் தொடாமல், இரண்டு ஆண்டுகளின் பிப்ரவரிப் பட்டங்களைச் செய்து பாருங்கள். பதிவு புதுப்பிக்கப்படாவிட்டாலோ, அந்த இரண்டிலும் போட்ட முதல் திரும்பாவிட்டாலோ இறாலை நிறுத்திவிட்டு மீனுக்கு மாறுவது என்று நீங்களும் கணவரும் இன்றே பேசி, அதே நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நட்டம் வந்த நேரத்தில் எடுக்கும் முடிவு தெளிவாக இராது, அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு உங்கள் ஊரிலிருந்து பேருந்திலேயே போய்வரலாம். அடுத்த முறை குளத்தைக் காயவிடுமுன் அடிமண்ணைப் பல இடங்களில் எடுத்துக் கலந்து, ஒரு கிலோ அளவு பையில் போட்டுக்கொண்டு, நோட்டோடு கணவரையும் அழைத்துப் போங்கள். மண்ணின் தன்மை தெரிந்த பிறகு சுண்ணாம்பின் அளவை அங்கேயே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். ஆணையத்துக்கான புதுப்பித்தல் விண்ணப்பத்துக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.